தேவசகாயம் திருநாள் பொங்கலுக்குப் போட்டியா?

பொங்கலுக்குப் போட்டியாகத்தான் கத்தோலிக்கப் புனிதரான தேவசகாயத்தின் திருநாளை ஜனவரி 14-இல் வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது தவறு. 1752 ஜனவரி 14 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புனிதர் இறந்த நாளை விண்ணகப் பிறப்பாகக் கொண்டாடுவது திருச்சபையின் பழைய வழக்கம். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு தேடிப்பிடித்த தேதி அல்ல.

நட்டாலத்தில் பிறந்த அவர் சாமியாரோ துறவியோ இல்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த குடும்பஸ்தர். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியவர். வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற எங்களுக்கு அவர் இவ்வளவு நெருக்கமாக இருப்பது அதனால்தான். காற்றாடிமலைக்கு ஒருமுறை வாருங்கள். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டிவிட்டு ஜெபிக்கிறவர்களிடமே கேளுங்கள். அப்புறம், நம் பக்கத்தில் பல கத்தோலிக்கக் கோயில் முற்றங்களிலேயே பொங்கல் வைக்கிறார்கள். இதில் போட்டி எங்கே வந்தது?