கோடாலிய விடுங்க, சீப்பப் பாருங்க

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பக்கத்து பழைய கடலோடிங்களான வைக்கிங் பத்தி எந்த யூடியூப் வீடியோவ போட்டாலும் கி.பி. 793லதான் ஆரம்பிக்கிறானுங்க. இங்கிலாந்தோட லிண்டிஸ்ஃபார்ன் தீவு, மடத்துக்குள்ள புகுந்தது, துறவிங்கள வெட்டுனது, அப்புறம் காது கிழியிற மாதிரி ஒரு பிஜிஎம். என்னமோ அதுக்கு முந்தின நாள் வரைக்கும் இவனுங்க வீட்டுல குப்புறப் படுத்துக் கிடந்த மாதிரியும், திடீர்னு ஒரு நாள் எந்திரிச்சு கப்பல் ஏறுன மாதிரியும். எனக்கு இந்தக் கதை மேல நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சு. அதுக்குக் காரணம் தலை வாருற சீப்பு.

டென்மார்க்ல ரீபேன்னு ஒரு ஊர், 700 வாக்குல உருவான சந்தை. அங்க தோண்டுனப்ப சீப்பு செய்றவங்க அறுத்துப் போட்ட கொம்புக் கழிவு ஏகப்பட்டது கிடைச்சுது. பெரும்பாலும் அக்கம்பக்கத்து மான் கொம்புதான். ஆனா 8ஆம் நூற்றாண்டு மண்ணுலயே, 793க்கு முன்னாடியே, ரெயின்டீர்ங்கிற பனிமான் கொம்பும் இருக்கு. அந்தக் காலத்து டென்மார்க்ல ரெயின்டீர் ஏது? நார்வே மாதிரி வடக்கு ஊர்ல இருந்துதான் வரணும், அதுவும் கப்பல்லதான் வரணும். செதுக்கி முடிச்ச துண்டப் பாத்து எந்த மிருகம்னு கண்ணால சொல்றது கஷ்டம், கொம்புல இருக்குற கொலாஜன் புரதத்த ஆராய்ச்சி பண்ணித்தான் கண்டுபிடிக்கிறாங்க. அப்போ கொள்ளைக்குப் போறதுக்கு முன்னாடியே சரக்கு ஏத்திட்டு நெடுந்தூரம் போயி வந்து பழகியிருக்கானுங்க, கடல் வழியும் காத்தும் சந்தை நிலவரமும் அவனுங்களுக்கு அத்துப்படி.

அந்தச் சீப்ப கொஞ்சம் கிட்டப் போயி பாருங்க. ஒரே துண்டுல செஞ்சது கிடையாது. கொம்ப சின்னச் சின்ன பட்டையா அறுத்து வரிசையா நிக்க வச்சு, ரெண்டு பக்கமும் நீளமா ஒரு சட்டம் வச்சு ஆணி அடிச்சு இறுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் ரம்பத்தால பல்லு அறுப்பாங்க. அதனால சட்டத்தோட ஓரத்துலயும் ரம்பம் பட்ட கீறல் அப்படியே தெரியும். கொம்போட நார் ஓடுற திசையும் பல்லோட திசையும் ஒண்ணா இருக்கணும், இல்லைன்னா வாரும்போதே உடைஞ்சு போகும். அதுக்காகத்தான் இந்த பட்டை வேலையெல்லாம். இத செஞ்சவன காட்டுமிராண்டின்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அடுத்தது ஹெடெபிங்கிற வைக்கிங் சந்தை ஊர், இப்போ வட ஜெர்மனியில இருக்கு. அங்க கிடைச்ச சீப்புகள்ல 85ல இருந்து 90 சதவீதம் ரெயின்டீர் கொம்புன்னு 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆனா அதே ஊர் பட்டறைக் கழிவுல ரெயின்டீர் கொம்பு ரொம்ப அபூர்வம். அதாவது சீப்பு வடக்குலயே ரெடியாகி வந்திருக்கு. அதே ஹெடெபியில கிடைச்ச காட் மீன் முள்ளோட டிஎன்ஏவ 2017ல பாத்தாங்க, அது ஆர்க்டிக் பக்கத்து மீன். ஐஸ் பெட்டி இல்லாத காலத்துல அவ்ளோ தூரம் எப்படி வரும்? கருவாடாத்தான். உப்பு கூட போடாம வட நார்வேயோட லோஃபோட்டன் தீவுக் குளிர்காத்துலயே காயவச்ச கருவாடு.

இந்த ரூட்டுல போன ஒரு ஆளு தன் வாயாலயே விவரம் சொல்லியிருக்கான், பேரு ஓட்டார். 890 வாக்குல இங்கிலாந்து ராஜா ஆல்ஃபிரட் கிட்ட வந்து, நார்வேக்காரங்கள்லயே நான்தான் ரொம்ப வடக்க குடியிருக்கேன்னு ஆரம்பிச்சு, எங்கிட்ட 600 ரெயின்டீர் இருக்கு, மாடு 20, ஆடு 20, பன்னி 20ன்னு கணக்கு ஒப்பிக்கிறான். வால்ரஸ்னு குளிர்க்கடல்ல இருக்குற பெரிய மிருகத்தோட தந்தமும் கொண்டுவந்து குடுத்திருக்கான். அவன் வீட்டுல இருந்து தெற்கு நார்வேயில இருந்த கௌபாங் சந்தைக்கு, ராத்திரி ராத்திரி கரை ஒதுங்கிப் போனா ஒரு மாசத்துக்கும் மேல, அங்கிருந்து ஹெடெபிக்கு அஞ்சு நாள். கொம்பும் கருவாடும் சொல்ற கதையும் இவன் சொல்ற கதையும் அச்சு அசலா பொருந்துது.

இப்போ ஒருத்தன் வருவான், "பாத்தீங்களா, வைக்கிங் எல்லாம் அப்பாவி யாவாரிங்க"ன்னு. இந்தப் புது பிஜிஎம்மும் எனக்குப் பிடிக்கல. ஓட்டாரோட வருமானமே பெரும்பாலும் வடக்குல இருக்குற சாமி (Sámi) பழங்குடி மக்கள்கிட்ட வசூல் பண்ற கப்பம்தான். அவங்கள்ல பெரிய ஆளு ஒருத்தன் குடுக்க வேண்டியது மார்ட்டன்னு கீரி மாதிரி ஒரு சின்ன மிருகத்தோட தோல் 15, 5 ரெயின்டீர் தோல், ஒரு கரடித் தோல், 10 மரக்கால் மாதிரி ஒரு அளவுக்கு இறகு, கரடித் தோல்லயோ நீர்நாய்த் தோல்லயோ தைச்ச ஒரு சட்டை, அதுக்கு மேல 60 முழ நீளத்துல ரெண்டு கப்பல் கயிறு. அந்தக் கயிறு வால்ரஸ், சீல் தோல வாரா அறுத்து செய்றது, செம ஸ்ட்ராங். குளிர்ல வேட்டையாடுனது யாரு, ஹெடெபியில நின்னு வெள்ளிய எண்ணுனது யாரு? வைக்கிங் வணிகம்னு போர்டு மாட்டும்போது சாமிக்காரன் பேரயும் சேத்து எழுதணும்ங்கிறது என்னோட கட்சி.

கிழக்கு ரூட்டு இன்னும் மோசம். 921ல பாக்தாத்ல இருந்து தூதுக்குழுவோட கிளம்பி 922ல வோல்கா ஆத்துப் பக்கம் போய்ச் சேந்த இப்னு ஃபத்லான், ரூஸ்னு சொல்ற கிழக்கு ரூட்டு வைக்கிங் யாவாரிங்க மரத்துல செஞ்ச கடவுள் சிலை முன்னாடி வேண்டிக்கிறத எழுதி வச்சிருக்கார். இத்தனை அடிமைப் பொண்ணுங்க, இத்தனை சேபிள் தோல் (அதுவும் மார்ட்டன் மாதிரி ஒரு மிருகம்தான்) கொண்டாந்திருக்கேன், நிறைய தீனாரும் திர்ஹமும் வச்சிருக்குற யாவாரிய அனுப்பு, நான் சொல்ற விலைக்கு பேரம் பேசாம வாங்கணும்னு வேண்டுதல். தோலும் மனுஷியும் ஒரே பட்டியல்ல. தோல் பெரும்பாலும் மக்கிப் போயிரும், ஆனா ஸ்வீடன் பிர்கா ஊர்ல நரி, அணில், மார்ட்டனோட பாத எலும்பு மட்டும் கிடைக்குது, தோல உரிச்சப்ப காலோட ஒட்டி வந்தது.

வால்ரஸ் கதைக்கு வருவோம். ஐஸ்லாந்துல ஆளுங்க குடியேறுனது 870 வாக்குல. அங்க தனி வம்சமா ஒரு வால்ரஸ் கூட்டம் இருந்திருக்கு, மனுஷன் வந்து கொஞ்ச நூற்றாண்டுக்குள்ள மொத்தமா காலின்னு 2019ல டிஎன்ஏ ஆய்வு சொல்லுது. தந்தத்துக்கு வாங்குறவன் இருந்தான், அவ்ளோதான். அப்புறம் கிரீன்லாந்து. அந்தப் பக்கத்து வால்ரஸ் மூக்கெலும்பு, 12ஆம் நூற்றாண்டுது, எங்க கிடைச்சிருக்கு தெரியுமா? கீவ்ல. உக்ரைன்ல இருக்கே, அதே கீவ்தான்.