தோகரேவ் பிஸ்டலுக்குத் தண்ணீர் ஆகாதா?

"பழைய சோவியத் தோகரேவ் டிடி-33-இல் ராணுவ உபரித் தோட்டாக்களைச் சுட்டபின் தண்ணீர் படவே கூடாது, எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

அந்தக் காலத் தோட்டாக்களின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழாயில் படிந்து, ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெயில் இந்த உப்பு கரையாது. 100 மில்லி தண்ணீரில் அறை வெப்பத்திலேயே சுமார் 34 கிராம் கரையும். வேதியியல் கையேடுகளில் பார்க்கலாம். ஏன், சமையல் உப்பை எண்ணெயில் போட்டுப் பாருங்கள், அப்படியே அடியில் கிடக்கும்.

அமோனியா உப்பை முறிக்கும் என்பதும் கதைதான். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைத்தாலும், வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர்.

தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, கழற்றி, குழாயையும் ஸ்லைடில் (மேலே முன்பின் நகரும் பாகம்) தோட்டாவின் அடியைத் தொடும் முகப்பையும் அன்றைக்கே வெந்நீரில் கழுவுங்கள். நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய் அப்புறம்தான்.

அந்தப் பதிவு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.