தாஸ் போட்: நீளமானதையே பாருங்கள்

'தாஸ் போட்' என்ற ஜெர்மன் நீர்மூழ்கிப் படத்தைப் பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எத்தனை நிமிஷத்துப் படம் கையில இருக்கு?" என்றுதான். அந்தப் பெயரில் மூன்று படங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 1981இல் தியேட்டருக்கு வந்தது 149 நிமிஷம். எண்பதுகளின் நடுவில் தொலைக்காட்சித் தொடராக ஓடி, பிறகு டிவிடியில் வந்த முழு வடிவம் 293 நிமிஷம். 1997இல் இயக்குநர் வோல்ஃப்காங் பீட்டர்சன் மறுபடி எடிட்டிங்கில் உட்கார்ந்து, ஒலியையும் புதிதாகக் கலந்து வெளியிட்ட டைரக்டர்ஸ் கட் 209 நிமிஷம். மூன்றுமே ஒரே படப்பிடிப்பில் எடுத்தவை.

உலக சினிமா பார்க்கிற நண்பர்கள் பெரும்பாலும் 209ஐத்தான் கைகாட்டுவார்கள். நல்ல வடிவம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் முதல் தடவையே 293ஐப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

கதை ஒரு வரிக்கதை. 1941 இலையுதிர் காலம். பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து யு-96 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அட்லாண்டிக்குக்குக் கிளம்புகிறது. உள்ளே ஐம்பது பேர் போல. உயிரோடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். படத்துக்கு மூலமான நாவலை எழுதிய லோதர்-குந்தர் புக்ஹைம் உண்மையிலேயே யு-96இல் போர் நிருபராகப் பயணம் செய்தவர். அந்தக் கப்பலின் நிஜக் கேப்டன் படத்துக்கு ஆலோசகராக இருந்திருக்கிறார்.

இந்தப் படத்தைப் பற்றி நான் அதிகம் கேட்ட குறை, "முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே நடக்கலையே" என்பது. என் மச்சான் ஒருவர் இதை ரயிலில், போனில், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு "சுமார்" என்றார். சண்டை போடவில்லை. ஆனால் நீர்மூழ்கி வீரனின் வேலையே காத்திருப்பதுதான். உத்தரவுக்குக் காத்திருப்பது, எதிரிக் கப்பல் கண்ணில் படக் காத்திருப்பது, கக்கூஸுக்குக் காத்திருப்பது. ஆமாம், இருப்பதே இரண்டு, அதில் ஒன்றில் சாப்பாட்டு மூட்டை அடுக்கிவிட்டார்கள். மிச்சம் ஒன்றுக்கு ஐம்பது பேர். கிளம்பும்போது தலைக்கு மேலே ரொட்டியும் தொத்திறைச்சியும் வாழைப்பழமும் தொங்கும். போகப் போக அந்த ரொட்டியில் பூஞ்சை ஏறும், தாடி வளரும், முகம் வெளிறும். ஏறக்குறைய கதை வரிசையிலேயே, நடிகர்களை வெயில் படாமல் அடைத்து வைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தத் தாடி ஒட்டுத்தாடி இல்லை. இதையெல்லாம் நாமும் கூடவே இருந்து அனுபவிக்க நேரம் வேண்டாமா? 149இல் அது கிடைக்காது.

யோஹான் என்ற இன்ஜின் மெக்கானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எர்வின் லேடர் நடித்தது. இன்ஜின் சத்தத்தைப் பிள்ளையின் குரல் மாதிரி காது கொடுத்துக் கேட்கிற ஆள். மேலே எதிரியின் டிஸ்ட்ராயர் போர்க்கப்பல் சுற்றிச் சுற்றி வந்து குண்டு போடும்போது ஒரு கட்டத்தில் அவருக்கு உள்ளே எதுவோ அறுந்துவிடுகிறது. கண் பிதுங்க, வேலையிடத்தை விட்டுவிட்டு வெளியே போக வழி தேடி வருகிறார். கேப்டன் துப்பாக்கியை எடுக்கப் போய்விடுகிறார். பிற்பாடு அதே யோஹான் தண்ணீருக்குள் கிடந்து ஓட்டையை அடைப்பார். அந்த முகத்தோடு மணிக்கணக்காகப் பழகிய பிறகு இதைப் பார்ப்பது வேறு.

புக்ஹைமுக்குப் படமே பிடிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. நாவல் போருக்கு எதிரானது, அதை மலிவான அமெரிக்க ஆக்‌ஷன் படம்போல ஆக்கிவிட்டார்கள், நடிகர்கள் தேவையில்லாமல் கத்துகிறார்கள் என்று 1981லேயே எழுதினார். அவரே ஆறு மணி நேரத்துக்குத் திரைக்கதை எழுதிக் கொடுத்து, அதை வேண்டாம் என்றுவிட்டார்கள், அந்தக் கோபமும் சேர்ந்திருக்கலாம். ஆனால் தியேட்டர் வடிவத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குண்டு, அலறல், கொஞ்சம் மூச்சு, மறுபடி குண்டு. ஐந்து மணி நேரத்தில் அந்தக் கத்தலுக்கு நடுவே போதுமான மௌனம் வந்துவிடுகிறது.

"நாஜிகளுக்காக நம்மை அழச் சொல்கிறதா?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. 40,000 ஜெர்மன் நீர்மூழ்கி வீரர்களில் 30,000 பேர் திரும்பவில்லை என்று படத் தொடக்கத்தில் எழுத்து வரும். லாஸ் ஏஞ்சல்ஸ் திரையிடலில் அந்த இடத்தில் கூட்டம் கைதட்டியதாம், படம் முடிந்ததும் அதே கூட்டம் எழுந்து நின்று தட்டியதாம். பீட்டர்சன் சொன்ன கதை. என் பதில், படத்தில் வரும் டேங்கர் (எண்ணெய்க் கப்பல்) காட்சி. யு-96காரர்கள் சுட்ட கப்பல் எரிகிறது. ஆட்களை எப்போதோ மீட்டுப் போயிருப்பார்கள் என்று இவர்கள் நினைத்திருக்க, அதிலிருந்த மாலுமிகள் உடம்பில் தீயோடு தண்ணீரில் குதிக்கிறார்கள். நீந்தி இவர்களை நோக்கி வருகிறார்கள். கேப்டன் கப்பலைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார். கேப்டனாக நடித்த யுர்கன் ப்ரோக்னோவின் முகத்தை அங்கே பாருங்கள். யாரையும் மன்னிக்கச் சொல்கிற முகம் இல்லை அது.

(சும்மா ஒரு தகவல்: நேதாஜி 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் ஏறியதும் இப்படியொரு நீர்மூழ்கியில்தான், யு-180. அது இதைவிடப் பெரிய ரகம். இருந்தாலும் ஏப்ரல் கடைசியில் நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறும்வரை அந்த டீசல் நாற்றத்தில்தானே இருந்திருப்பார் என்று படம் பார்க்கும்போது தோன்றிக்கொண்டே இருந்தது.)

சரி, வீட்டில் பார்ப்பது. "பிரிண்ட் இருட்டா இருக்கு, புள்ளி புள்ளியா தெரியுது" என்கிறார்கள். இருட்டு வேண்டுமென்றே வைத்தது. ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ, ஆட்டத்தைக் குறைக்கும் ஜைரோஸ்கோப் பொருத்திய சின்னக் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு அந்தக் குறுகலான செட்டுக்குள் ஓடி ஓடி எடுத்தது இது. டிவியில் பிரைட்னஸை ஏற்றிக் காட்சியைக் கெடுக்காதீர்கள். ஒலியில் மட்டும் 209தான் ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். போல்ட் தெறிக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். 293இன் ஒலி அந்த அளவுக்கு விரியாது. வீட்டில் பெரிய ஸ்பீக்கர் செட் வைத்திருப்பவர்கள் இரண்டாவது தடவைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில டப்பிங்கை ஏளனம் செய்கிறவர்களுக்கு ஒன்று: கேமராவின் ஜைரோஸ்கோப் இரைச்சலில் வசனம் எடுபடாது என்பதால் ஜெர்மன் குரலும் பிற்பாடு டப் செய்ததுதான். ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அதே நடிகர்களே பேசியிருக்கிறார்கள். இருந்தும் என் ஓட்டு ஜெர்மனுக்கே. கிசுகிசுப்பாகக் கட்டளை கொடுக்கும்போது அந்த மொழியின் கரகரப்பு ஆங்கிலத்தில் வரவில்லை.

ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் முடியாதவர்கள் பிரித்துப் பாருங்கள், அது தொடராக ஓடியதுதானே. முதல் இரவு டேங்கர் காட்சியோடு நிறுத்தலாம். கப்பல் ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடக்க முயலும் பகுதி தொடங்கிவிட்டால் மட்டும் நடுவில் எழுந்து போகாதீர்கள். கப்பல் 280 மீட்டர் ஆழத்தில் மணலில் போய் உட்கார்ந்த பிறகு காற்று குறைந்துகொண்டே வரும், அதை இடைவேளை விட்டுப் பார்த்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கிளைமாக்ஸ் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பார்த்தவர்களும் கமெண்ட்டில் உடைத்துவிடாதீர்கள்.