18,000 கிலோமீட்டர் இருக்கட்டும், அந்தக் குட்டையைப் பாருங்கள்

தேசாந்திரித் தட்டானைப் பற்றிய பதிவு அவ்வப்போது சுற்றுக்கு வந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டிப் பறக்கும் பூச்சி, 18,000 கிலோமீட்டர் என்று ஒரு படம், கீழே வரிசையாக வியப்புக்குறிகள். தகவலில் பெரிய தப்பில்லை. ஆனால் படிக்கிறவர், ஒரே தட்டான் போய்விட்டுத் திரும்பி வருகிறது என்றுதான் நினைத்துக்கொள்வார். போய்வரும் சுற்று மொத்தமும் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கும், அதை முடிக்க நாலு தலைமுறை ஆகும் என்பதுதான் கணிப்பு. கிளம்பியது ஒன்று, வந்து சேர்வது அதன் கொள்ளுப்பேரன். இடையில் ஒவ்வொரு தலைமுறையும் எங்கோ ஒரு மழைக்குட்டையில் பிறந்து வளர்ந்தாக வேண்டும். என்னைக் கேட்டால் கதையே அந்தக் குட்டைதான். அதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம். அறிவியல் பெயர் பாண்டாலா ஃபிளாவெசென்ஸ், 1798-ல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் வைத்தது. நாலரை சென்டிமீட்டர் நீளம், இறக்கையை விரித்தால் ஏழெட்டு சென்டிமீட்டர். உடம்பு முழுக்க மஞ்சள். வயிற்றின் மேல்பக்கம் நடுவே ஒரு கருங்கோடு ஓடி, நுனிக்குக் கிட்டே கறுப்புத் திட்டுகளாக முடியும். முதிர்ந்த ஆணுக்கு அந்த மஞ்சளின் மேல் செம்மை ஏறியிருக்கும். கண்ணின் மேல்பாதி செம்பழுப்பு, கீழ்ப்பாதி சாம்பல் கலந்த நீலம். இறக்கையில் வண்ணமோ பட்டையோ பெரிதாக இல்லை. ஆனால் பின்னிறக்கையின் அடிப்பகுதியைக் கவனியுங்கள், அவ்வளவு அகலம். அடிக்கடி இறக்கையை அடிக்காமல் காற்றில் சறுக்கிக்கொண்டே போவதற்கு அதுதான் தோது. லேசில் உட்காராது. உட்கார்ந்தாலும் மற்றத் தட்டான்களைப் போல குச்சி நுனியில் படுக்கையாக நிற்காமல், ஏதாவது தண்டைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கும். படம் எடுக்கப் போனால் பொறுமை போய்விடும். திறந்த வெளியில் கூட்டமாகப் பறக்கிறதே, அதில் ஒன்றைத் தனியாக நின்று பார்த்தவர்கள் குறைவு. அபூர்வமாக இருந்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள்!

இனி குட்டைக்கு வருவோம். ஆண் பெண்ணின் தலைக்குப் பின்னால் பிடித்தபடியே இரண்டும் சேர்ந்து பறக்க, பெண் வயிற்று நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். ஏரி, ஆறு என்றெல்லாம் தேடாது. நேற்றைய மழையில் தேங்கிய ஆழமில்லாத, வெயில் படும் தண்ணீர்தான் அதற்குப் பிடித்தது. ஏன் என்றால், புதிதாகத் தேங்கிய நீரில் மீன் இருக்காது. மற்றத் தட்டான்களின் வளர்ந்த லார்வாக்களும், அதாவது தண்ணீரில் வாழும் இளம்பருவங்களும், இன்னும் வந்திருக்காது. எதிரி இல்லாத இடம், ஆனால் கெடு வைத்த இடம். காய்வதற்குள் வளர்ந்து வெளியேறியாக வேண்டும்.

அந்தக் கெடு லார்வாவின் குணத்திலேயே தெரியும். பல தட்டான் இனங்களின் லார்வாக்கள் சேற்றில் புதைந்து இரை தானாக வரட்டும் என்று காத்திருக்கும். இது அப்படி அல்ல, தண்ணீருக்குள் அலைந்து திரிந்து வேட்டையாடும். கொசுப்புழு, சின்னத் தலைப்பிரட்டை, எது கிடைத்தாலும் சரி. கிடைக்காவிட்டால் கூடப் பிறந்ததையே தின்னும். தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதடு சட்டென்று முன்னால் நீண்டு, நுனியிலுள்ள கொக்கிகளால் இரையைக் கவ்விக்கொண்டு வாய்க்குத் திரும்பும். மூச்சு விடும் செவுள் இருப்பது பின்பக்கக் குடலுக்குள். அங்கே இழுத்த தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிவிட்டால் உடம்பு முன்னால் பாயும். மூச்சுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே ஏற்பாடு.

இப்படித் தின்று, தோலுரித்து, மறுபடி தின்று, வெதுவெதுப்பான நீரில் 38 முதல் 65 நாட்களில் லார்வாப் பருவத்தை முடித்துவிடுகிறது. குளிர்ப் பிரதேசத் தட்டான்கள் சில இதற்கு வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கடல் தாண்டுவதைவிட எனக்கு இந்த அவசர வளர்ப்புதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

கூட்டுப்புழு என்ற பருவமே தட்டானுக்குக் கிடையாது. வளர்ந்த லார்வா பெரும்பாலும் இரவில் ஒரு புல்தண்டில் ஏறும். முதுகுத் தோல் வெடிக்கும். தலையும் நெஞ்சும் வெளியே வந்து பின்பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச நேரம் தொங்கும். கால்கள் இறுகிய பிறகு பழைய தோலையே பற்றிக்கொண்டு வயிற்றை உருவி எடுக்கும். கசங்கிக் கிடக்கும் இறக்கைக்குள் உடம்பின் திரவம் பாய்ந்து அது விரியும். விட்டுப்போன தோல்கூடு தண்டிலேயே ஒட்டியிருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெடித்த இடத்தில் வெள்ளை இழைகள் தொங்குவது தெரியும். அவை மூச்சுக்குழாய்களின் உள்தோல். மூச்சுக்குழாய் வரைக்கும் தோலுரித்துக்கொண்டு வெளியே வருகிற பிறவி அது.

பிறந்த குட்டை காய்ந்துவிடும் என்றால் பிள்ளைகளுக்கு வேறு குட்டை வேண்டும். மழை எங்கே பெய்கிறதோ அங்கேதான் குட்டை. ஆகவே மழையைத் துரத்துகிறது. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று பெரியவர்கள் சொன்னது ஒவ்வொரு நாளும் பலிக்காமல் போகலாம். ஆனால் இந்தத் தட்டானின் வாழ்க்கையும் மழையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை என்பதில் சந்தேகம் இல்லை.

மாலத்தீவில் இருந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் இதைத்தான் பிடித்தார். அக்டோபர் வந்தால் அந்தத் தீவுகளில் தட்டான்கள் லட்சக்கணக்கில் இறங்கும். பவளத்தீவுகளில் தரைமேல் நன்னீர் கிட்டத்தட்ட இல்லை, அங்கே பிறந்திருக்க வழியில்லை. தென்னிந்தியாவிலிருந்து 500 முதல் 1,000 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்திருக்க வேண்டும். அந்த மாதத்தில் கீழே வீசும் காற்று எதிர்க்காற்று. ஆனால் 1,000 மீட்டருக்கு மேல் போனால் அனுகூலமான காற்று கிடைக்கும், அதில் ஏறித்தான் வருகின்றன என்றார். பருவமழை மேகங்கள் தெற்கே நகரும் வழியிலேயே இவையும் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்பது 2009-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் சாரம். பின்னால் வந்தவர்கள் மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் இறக்கையிலுள்ள ஹைட்ரஜன் ஐசோடோப்பை (எடை வேறுபட்ட ஹைட்ரஜன் அணு வகை, மழைநீரில் இதன் அளவு இடத்துக்கு இடம் மாறும்) அளந்து, அவற்றில் பல வட இந்தியாவிலோ அதற்கும் வடக்கிலோ பிறந்தவை என்று கண்டார்கள். எந்த மழைநீரில் வளர்ந்தது என்பதற்கான தடயம் உடம்பிலேயே இருக்கிறது. இமயத்தில் 6,200 மீட்டர் உயரத்தில் இதைப் பார்த்த பதிவு உண்டு. பசிபிக் நடுவே தன்னந்தனியாகக் கிடக்கும் ஈஸ்டர் தீவுக்கும் போய்க் குடியேறியிருக்கிறது.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு ஆறேழு வாரம் நிற்கும் தண்ணீர். நீர்நிலைப் பாதுகாப்பு என்று பேசும்போது நாம் பெரிய ஏரியைச் சொல்கிறோம், கரை கட்டுகிறோம், மீன் விடுகிறோம். மழைக்குட்டை எந்தப் பட்டியலிலும் வராது. மண் கொட்டி மேடாக்க வேண்டிய பள்ளம், அல்லது எண்ணெய் ஊற்ற வேண்டிய கொசுத்தொட்டி, அவ்வளவுதான். டயரிலும் டிரம்மிலும் பூந்தொட்டித் தட்டிலும் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும், டெங்கு கொசு அங்கேதான் வளர்கிறது. ஆனால் திறந்த வெளியில் தேங்கிய மழைநீரின் கணக்கு வேறு. அங்கே எண்ணெய் ஊற்றினால் கொசுப்புழுவோடு அதைத் தின்னும் தட்டான் லார்வாவும் சாகும். அடுத்த மழைக்குக் கொசு சீக்கிரம் திரும்பிவிடும். தின்பவர்கள் திரும்ப நாளாகும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பளபளப்பான காரின் மேல்பகுதியும் தார்ப்பாயும் ஒளியைப் பிரதிபலிக்கும் விதம் தட்டானின் கண்ணுக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதில் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுவிட்டுப் போகும், அத்தனையும் வெயிலில் காய்ந்து வீணாகும். காரை ஒன்றும் செய்ய முடியாது. குட்டையை விட்டுவைக்கலாம். எண்ணெய் டின்னைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு பாருங்கள். ஆறு காலும் பெரிய கண்ணுமாகக் குதித்துக் குதித்துப் பாய்கிற ஒன்று தெரிந்தால், டின்னை மூடிவிடுங்கள்.