கயாக்கில் கால் ஊன்றும் இடம் அசையக்கூடாது

கடல் கயாக் (ஒருவர் உள்ளே இருந்து துடுப்பு வலிக்கிற ஒடுங்கிய படகு) ஒன்று வாங்கப்போகிறேன், சுக்கான் உள்ளதை எடுக்கவா இல்லாததை எடுக்கவா என்று முல்லைத்தீவுத் தம்பி ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். சுக்கான் உள்ளதையே எடுங்கள். ஆனால் காசு கொடுக்க முதல் உள்ளே ஏறி உட்கார்ந்து, சுக்கானைத் திருப்புகிற இரண்டு பெடலையும் காலால் அழுத்திப் பாருங்கள். எனக்குச் சுக்கானோடு கோபமில்லை, பெடலோடுதான்.

என் முதல் கயாக் பாவித்தது, ஐந்து மீற்றர் நீளம். அதில் ஒரு காலை அழுத்தினால் அந்தப் பெடல் அப்படியே முன்னுக்குச் சறுக்கும், மற்றது பின்னுக்கு வரும், கம்பி இழுபட்டுச் சுக்கான் திரும்பும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் துடுப்பு வலிக்கிற பலம் கையில் மட்டும் இல்லை. வலப்பக்கம் துடுப்பை இறக்கும்போது வலது காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்புகிறோம். அந்த உந்தல்தான் படகை ஓட்டுகிறது. ஊன்றுகிற இடமே வழுக்கினால்? ஒவ்வொரு வலிப்புக்கும் சுக்கான் ஆடும், படகு நெளியும். அப்பப்பா பாய் வள்ளம் ஓடியவர். சுக்கான் அவர் கையில் இருக்கும், கால்கள் வள்ளத்தின் சட்டத்தில் இறுகி நிற்கும். எனக்கு அந்த இறுக்கம் ஒருநாளும் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் சுக்கானே வேண்டாமே என்பார்கள். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதத்தில் முல்லைத்தீவிலிருந்து தெற்கே நாயாற்றுப் பக்கம் கரையோரமாக, சுக்கான் இல்லாமல் ஒருக்கால் போய்ப் பாருங்கள். காற்று வலப்பக்கத்தால் அடிக்கும். ஓடும் படகின் முன்பக்கத்தைத் தண்ணீர் பிடித்துவைத்திருக்கும், பின்பக்கம் காற்றோடு விலகும், அதனால் மூக்குக் காற்றுப் பக்கமே திரும்பும். அதை நேராக்க நான் வலப்பக்கமே வலித்து வலித்து, இரவு தோளைத் தூக்க முடியாமல் கிடந்தேன். சுக்கானின் உண்மையான வேலை இதுதான், பக்கக் காற்றில் படகை நேராக வைத்திருப்பது. திருப்புவதற்குப் படகைச் சரித்து, துடுப்பை அகல வீசப் பழகுங்கள். பழைய கிறீன்லாந்துக் கயாக்குகளில் கால் பெடலே இல்லை, அதில் கடல்வேட்டையே செய்தார்கள்.

ஆக, கால் ஊன்றும் கட்டை அசையாமல் நிற்க, மேல்நுனி மட்டும் பெருவிரலுக்கு மடிகிற பெடல் உள்ளதைத் தேடுங்கள். காரின் அக்சிலேட்டர் மாதிரி. விலை கொஞ்சம் கூடலாம், பரவாயில்லை, கொடுங்கள்.

நந்திக்கடல் போன்ற ஆழமில்லாத களப்பில் சுக்கானைக் கயிற்றால் மேலே தூக்கிவிடுங்கள். தடியிலோ வலையிலோ சிக்கினால் உங்கள் சுக்கானும் போகும், ஒரு தொழிலாளியின் வலையும் போகும். அப்புறம் கம்பி. எனக்கு அது அறுந்தது கரையிலிருந்து நல்ல தூரத்தில், காற்று கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்த நேரம். முடிச்சுப் போட்ட இடத்துக்குள் துரு பிடித்திருந்ததை நான் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், பெடல் ஓடும் தடத்து மண்ணையும் சேர்த்து.

தம்பி, படகு பார்க்கப் போகிற நாளைச் சொல்லுங்கள். வவுனியாவில் பஸ் ஏறி நானும் வருகிறேன்.