'ங்க' போட்டால் மரியாதை வந்துவிடுமா?

சொந்த ஊர் வடசென்னை வியாசர்பாடி என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் ஒரு தினுசாகச் சிரிப்பாரே, அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அடுத்து வருவது எனக்கு மனப்பாடம்: "பார்த்தா அப்படித் தெரியலையே!" எப்படித் தெரிய வேண்டுமாம்? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு "இன்னாபா" என்று வர வேண்டுமா?

நேற்று ஆபீஸ் சாப்பாட்டு நேரத்திலும் அதே கச்சேரி. "எங்க கோயம்புத்தூர்ல சின்னப் பையனைக்கூட வாங்க, போங்கன்னுதான் பேசுவோம். உங்க மெட்ராஸ்ல ஆட்டோக்காரன் எடுத்ததுமே வா, போங்கிறான்." பேசியவர் வருஷக்கணக்காக இங்கேதான் சம்பளம் வாங்குகிறார்.

சரி, அந்த 'ங்க' எல்லோருக்கும் கிடைத்ததா? கொங்குக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளையை ஒழிக்கப் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. பண்ணையார் வீட்டுப் பொடியன் தன் தாத்தா வயசு அருந்ததியரைப் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிட்டபோது அந்த மரியாதை எங்கே போயிருந்தது? (மதுரை, நெல்லைக்காரர்கள் கைதட்ட வேண்டாம், உங்கள் பக்கமும் அதே குவளைதான்.)

அப்புறம், மெட்ராஸ் மெட்ராஸ் என்கிறீர்களே, மயிலாப்பூர் மாமாவையா சொல்கிறீர்கள்? இல்லையே. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், மில்லில் உழைத்தவன், மீன் விற்றவள், இவர்கள் பேச்சுதான் உங்கள் காதுக்கு நாராசம். சினிமாவும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தது. பொறுக்கி வந்தால் எங்கள் பாஷை, அருவாள் வந்தால் மதுரை, வெகுளி வந்தால் கோவை.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தபோது, கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பலர் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். மாடியில் தவித்தவர்களிடம் "தாங்கள் ஏறுங்கள்" என்றா கெஞ்சிக்கொண்டிருப்பார்கள்? "ஏறு, ஏறு, கெட்டியா புடிச்சிக்கோ" என்றுதான் வரும். அன்றைக்கு மரியாதை பத்தவில்லை என்று எவரும் படகைத் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

போன மாதம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். "பூர்வீகம் எந்த ஏரியாங்க?" என்றார். சொன்னேன். "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேனுங்க" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். இன்னும் ஃபோன் வரவில்லை. போர்டு மட்டும் அங்கேயே தொங்குகிறது. ரொம்ப மரியாதையான மனிதர்ங்க!