கென்ட் டெகல்விக்கு கூப்பர்ஸ்டவுனில் இடம் கொடுங்கள்

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்க இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் பற்றிப் பேச்சு வந்தாலே நான் விடாமல் சொல்லும் பெயர், பந்துவீச்சாளர் கென்ட் டெகல்வி. 1974 முதல் 1989 வரை பிட்ஸ்பர்க், ஃபிலடெல்ஃபியா, சின்சினாட்டி அணிகளுக்காக 1,050 ஆட்டங்கள். அதில் ஒன்றைக்கூட அவர் முதல் பந்துவீச்சாளராக இறங்கித் தொடங்கி வைத்ததில்லை. எல்லாமே பாதியில் வந்து, அடுத்தவர் விட்டுப்போன சிக்கலைச் சமாளித்த ஆட்டங்கள். அவர் ஓய்வு பெற்றபோது அவரைவிட அதிக ஆட்டங்களில் பந்து வீசியிருந்தவர் ஹாய்ட் வில்ஹெல்ம் ஒருவர்தான். வில்ஹெல்ம் 1985-லேயே உள்ளே போய்விட்டார். டெகல்வி 1995-ல் பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்கெடுப்புக்கு வந்தார். 5 சதவீதம்கூடத் தேறவில்லை. அத்தோடு பட்டியலிலிருந்தே பெயர் போய்விட்டது.

காரணம், சேவ் கணக்கு. அணி சிறு வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது வந்து, அந்த வெற்றியைக் கடைசிவரை காப்பாற்றித் தருவதுதான் சேவ். அவருக்கு 184தான். சரி, புரூஸ் சட்டரை எடுத்துக்கொள்வோம். அவரும் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காதவர். 300 சேவ், 1979-ல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது. 2006-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். தகுதியானவர், மறுக்கவில்லை. ஆனால் அவர் வீசியது 661 ஆட்டங்களில் 1,042 இன்னிங்ஸ். டெகல்வி வீசியது 1,400-க்கும் மேல். ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி சட்டருக்கு 2.83, டெகல்விக்கு 2.85. கிட்டத்தட்ட 400 இன்னிங்ஸ் கூடுதலாக உழைத்தும் தரம் இறங்கவில்லை என்றால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாதா?

இப்படிப் பாதியில் வரும் ரிலீஃப் பிட்சரின் பாடு ஸ்கோர்கார்டில் முழுசாகத் தெரியாது. பந்துவீச்சாளர்கள் தயாராகிக் காத்திருக்கும் புல்பென்னில் எழுந்து கை சூடாகும்வரை வீசிவிட்டு, கூப்பிடாததால் மறுபடி உட்கார்ந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது. அப்படிப்பட்ட வேலையில் 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் 1978-ல் 91 முறையும் 1979-ல் 94 முறையும் களம் இறங்கினார். அப்புறம் 1987-ல், 40 வயதில், மறுபடி 90! 90-ஐ மூன்று சீசன்களில் தொட்ட இன்னொருவர் மைக் மார்ஷல் மட்டுமே.

பெரிய மேடையில் என்ன செய்தார் என்று கேட்பவர்கள் சாம்பியனைத் தீர்மானிக்கும் 1979 உலகத் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டத்தைப் பார்க்கட்டும். பால்டிமோரில் எட்டாவது இன்னிங்ஸ், பிட்ஸ்பர்க் 2-1 என முன்னிலை. எதிரணியினர் இரண்டு பேர் ரன் எடுக்கத் தயாராகப் பேஸில் நிற்கும்போது ஒல்லியாக, நெடுநெடுவென்று, கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறார் டெகல்வி. கை தரையை உரசுகிற மாதிரி கீழிருந்து வீசுபவர். ஒருவரை அவுட் ஆக்கிவிட்டு, கென் சிங்கிள்டனை அடிக்க விடாமல், வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்க விட்டார்கள். மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. எதிரே எடி மர்ரி, பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனவர். மர்ரி தூக்கி அடித்த பந்தை வலது பக்கம் டேவ் பார்க்கர் பிடித்தார். ஒன்பதாவது இன்னிங்ஸையும் டெகல்வியே முடித்தார். 4-1. அந்தத் தொடரில் அது அவருடைய மூன்றாவது சேவ்.

எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் விடுபட்டவர்களைப் பரிசீலிக்க 16 பேர் கொண்ட குழு இருக்கிறது. 12 வாக்குகள் போதும். அவர் பெயரை அந்தக் குழுவின் முன்னால் வையுங்கள், அவர் கண்ணால் பார்க்கும் காலத்திலேயே.